ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: ஒரு மெடிக்கல் கடைக்காரியின் விமர்சனம்

வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் பொடிதான் ஓ.ஆர்.எஸ். நான் எழுதப்போகும் இந்தப் பொருளின் விலை 20 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். என் கடையில் கல்லாவுக்கு இடது பக்கம், இருமல் மிட்டாய் பாட்டிலுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டியில் கிடக்கும். சாத்தூரில் 22 வருஷமாக மெடிக்கல் நடத்துகிறேன். ஆயிரக்கணக்கில் விற்றிருப்பேன். உட்கார்ந்து யோசித்து, கரைத்து, குடித்துப் பார்த்து, லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தது போன வருஷம்தான். அதற்குக் காரணம் ஒரு குழந்தை.

சித்திரை வெயில். ஒன்றரை வயசுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தம்பி வந்தார். "அக்கா, மூணு நாளா வயித்தால போகுது. நீங்க குடுத்த ஓ.ஆர்.எஸ்.ஸத்தான் குடுக்குறோம். அதுக்கப்புறம் இன்னும் ஜாஸ்தியாப் போகுது." கையில் காலி டப்பா வைத்திருந்தார். ஜூஸ் மாதிரி அட்டை டப்பா, ஸ்ட்ரா குத்திக் குடிப்பது, மேலே ஆரஞ்சுப் படம், பெரிய எழுத்தில் பெயர். அந்தப் பெயருக்குள் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தும் இருந்தன. நான் இல்லாத நேரத்தில் கடைப் பையன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். பிள்ளையின் கண் குழிக்குள் போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் விழுந்தது. ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த டப்பா என் கடையிலிருந்து போனது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று ராத்திரி அதே டப்பா ஒன்றைப் பிரித்து, பின்பக்கத்தைப் படித்தேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராமுக்கு மேல். அசல் ஓ.ஆர்.எஸ்.ஸில் 100 மில்லிக்குக் குளுக்கோஸ் 1.35 கிராம்தான். ஏழு மடங்குக்கும் மேலே. உப்போ, இருக்க வேண்டியதில் கால்வாசி கூட இல்லை. மறுநாளே அந்தச் சரக்கை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, கிடைக்கிற வகைகளில் ஒவ்வொன்று வாங்கி வைத்துச் சோதிக்க ஆரம்பித்தேன். பொடிப் பொட்டலம் ஆறு, கரைத்தே வரும் டப்பா இரண்டு, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை ஒன்று. கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பெயர் தேவைப்படாது.

முதலில் இந்தப் பொட்டலத்தில் சர்க்கரை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். "ருசிக்குத்தானேக்கா?" என்று கேட்பார்கள். "தெம்புக்கு" என்பார்கள். இரண்டும் இல்லை. அது சாவி.

நம் சிறுகுடலின் உட்சுவரை ஒரே வரிசை செல்கள் போர்த்தியிருக்கின்றன. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கை விடவும் மெல்லியது. ஆனால் அது கொழுப்பால் ஆனது, இரண்டு அடுக்கு. எண்ணெய்க்குள் உப்பைப் போட்டால் கரையுமா? கரையாது. அதேபோல்தான் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் அந்தக் கொழுப்புச் சவ்வைத் தாங்களாகத் தாண்ட முடியாது. ஆக்சிஜன் நுழைந்துவிடும், கரியமில வாயு நுழைந்துவிடும். உப்பு, சர்க்கரை போன்றவற்றுக்குச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வாசல். எந்த வாசல் யாருக்கு என்று கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது உடம்பு.

அந்த வாசல்களில் ஒன்றின் பெயர் எஸ்.ஜி.எல்.டி.1. சோடியம் இரண்டு, குளுக்கோஸ் ஒன்று, மூன்றும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் இந்தப் புரதம் உருமாறி உள்பக்கம் திறக்கும். குளுக்கோஸ் தனியாக வந்து நின்றால் இங்கே வேலைக்காகாது. சோடியம் தனியாக வந்தாலும் அப்படியே. உள்ளே போன சோடியத்தை செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு புரதம் ரத்தப் பக்கம் இறைத்து வெளியே தள்ளுகிறது. மூன்று சோடியத்தை வெளியே விட்டு இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பு அது. இதற்குச் செல் தன் சக்தியைச் செலவழிக்கிறது. பம்பு இறைத்துக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். குடலில் நிற்கும் சோடியம் உள்ளே பாய ஆசைப்படும். அந்தப் பாய்ச்சலில்தான் குளுக்கோசும் ஏறிக்கொள்கிறது. உப்பும் சர்க்கரையும் உள்ளே போய் ரத்தப் பக்கம் சேர்ந்ததும், தண்ணீர் தானாகப் பின்னால் போகிறது. தண்ணீரைப் பிடித்து இழுக்கிற பம்பு உடம்பில் எங்கேயும் கிடையாது. உப்பு எங்கே போகிறதோ அங்கேதான் தண்ணீர் போகும்.

இதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். கடையில் விற்கிற பொட்டலத்தை அந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை, நானும் பார்க்கவில்லை.

வயிற்றுப்போக்கில் நடப்பது என்ன? காலராவை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் உச்சம். காலராக் கிருமி ஒரு நஞ்சை விடுகிறது. இதை 1959-இல் கல்கத்தாவில் முயல் குடலை வைத்துக் காட்டியவர் சம்புநாத் டே. அந்த நஞ்சு குடல் செல்லின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். சவ்வு அந்த இடத்தில் குழிந்து, உள்ளே மடிந்து, நஞ்சைப் பொட்டலம் கட்டினாற்போல விழுங்கிவிடும். செல் பொருட்களை உள்ளே எடுக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. நல்லதையும் இப்படி விழுங்கும், கெட்டதும் இதே வழியில் ஏமாற்றி நுழையும். உள்ளே போன நஞ்சு, உப்பின் இன்னொரு பாதியான குளோரைடு போகும் வாசலைத் திறந்து போட்டுவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, சோடியம் பின்னால் போகிறது, தண்ணீர் அதன் பின்னால். சாதாரணமாக உப்பு உள்ளே போகும் வேறு சில வழிகளும் அடைபட்டுப்போகின்றன. ஆனால் நான் மேலே சொன்ன அந்தக் குளுக்கோஸ் வாசலை மட்டும் நஞ்சால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வெள்ளம் ஒருபக்கம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த ஒரு மதகு உள்பக்கம் திறக்கத் தயாராக நிற்கிறது. அதைத் திறக்கத்தான் இந்தப் பொட்டலம்.

ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்துதான் சவ்வைத் தாண்டுகின்றன என்ற கருத்தை 1960-இல் பிராக் நகரத்துக் கூட்டத்தில் முதலில் சொன்னார். அதற்கு முன்பே 1953-இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பலன் கண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். ஏன் பலிக்கிறது என்று சொல்ல அப்போது ஆள் இல்லாததாலோ என்னவோ, உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் முறையாகச் சோதித்து நிரூபித்தார்கள். 1971-இல் வங்காள அகதிகள் எல்லையில் குவிந்தபோது, மேற்கு வங்காளத்துப் பன்காவ் ஆஸ்பத்திரியில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் கையில் போதுமான சலைன் பாட்டில் இல்லை. சாப்பாட்டு உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பாலிதீன் பையில் போட்டு ஒட்டி, பிறகு குழாய் வைத்த டிரம்மில் கரைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முகாம்களில் 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே அது 4-க்கும் கீழே வந்தது. 2022-இல் காலமானார். மறுவருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அந்தச் செய்தியை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். மருந்து வாங்க வருகிறவர்கள் "உங்க சொந்தக்காரராக்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லத் தோன்றும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன்.

பொடிப் பொட்டலம். என் தீர்ப்பு இதற்குத்தான். ஆறில் ஐந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அளவை அப்படியே வைத்திருந்தன. ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சில பொட்டலங்களில் இதையே வேறு கணக்கில், எடைக்குப் பதில் துகள்களின் எண்ணிக்கையில், மில்லிமோல் என்று போட்டிருப்பார்கள்: சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டிப் பாருங்கள், 245 வரும். அந்த 245 என்ற எண்ணைத்தான் நீங்கள் தேட வேண்டும். சோடியமும் குளுக்கோசும் சரிக்குச் சரியாக 75 இருப்பதைக் கவனியுங்கள். அந்த வாசலுக்கு ஏற்ற ஜோடி.

முன்பு இது 245 இல்லை, 311. சோடியம் 90, குளுக்கோஸ் 111 என்று போட்டிருந்தார்கள். நான் கடை ஆரம்பித்த புதிதில் பழைய சரக்கு இன்னும் வந்துகொண்டிருந்தது. 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் குறைத்தார்கள். குறைந்த செறிவுள்ள கரைசலைக் குடித்த குழந்தைகளுக்கு மலம் போகும் அளவு ஏறக்குறைய 20 சதவீதமும், வாந்தி 30 சதவீதமும், நரம்பில் சலைன் ஏற்ற வேண்டிய தேவை 33 சதவீதமும் குறைந்ததாக அதற்கு முன் நடந்த ஆய்வுகள் காட்டியிருந்தன. காரணம் மாவடு போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கியிருக்கும். வெளியே கரைசல் கெட்டியாக இருந்தால், தண்ணீர் செல்லை விட்டு வெளியே வந்துவிடும். காய்ந்த கொண்டைக்கடலையை வெறும் தண்ணீரில் போட்டால் நேரெதிர், ஊதிப் பெருக்கும். நம் ரத்தத்தின் செறிவு இந்தக் கணக்கில் 285, 290 வாக்கில் இருக்கும். 245 அதைவிடக் குறைவு, ஆகவே தண்ணீர் உள்ளே போகச் சாய்வு இருக்கிறது. அந்த ஜூஸ் டப்பாவின் செறிவு இதைவிட மிக அதிகம். அந்தச் சர்க்கரை குடலிலேயே தேங்கி நின்று, ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். அந்தத் தம்பி சொன்னது கற்பனை இல்லை. டப்பா கொடுத்ததால்தான் பிள்ளைக்கு அதிகமாகப் போயிற்று.

ருசி: ஆரஞ்சு, எலுமிச்சை, ஆப்பிள் மணங்களும் மணமே இல்லாத வெறும் பொடியும் கிடைக்கின்றன. என் மகள் ஆரஞ்சுக்கு ஓட்டுப் போட்டாள். நான் வெறும் பொடிக்கு. ஒழுங்காகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். கண்ணீர் மாதிரி ருசிக்க வேண்டும், அதைவிட உப்புக் கரிக்கக் கூடாது. நல்லா இருக்கிற ஆளுக்கு அது பிடிக்காது. தண்ணீர் வற்றிய பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கும். குடித்துக் குடித்து, ஒரு நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ருசி பிடிக்கவில்லையே என்று அதில் சர்க்கரை அள்ளிப் போடாதீர்கள். பொட்டலம் செய்த கணக்கை ஒரே ஸ்பூன் குலைத்துவிடும்.

பொட்டலத்தில் எனக்குப் பிடிக்காதது அச்சு. ஆறில் ஒன்றில்கூடத் தமிழில் கரைக்கும் முறை இல்லை. எங்கள் ஊருக்கு வருகிற பொட்டலத்தில் இருக்க வேண்டாமா? ஆங்கிலமும் எறும்பு ஊர்ந்த மாதிரி. கிழிக்கிற இடத்தில் வெட்டுக் குறி இல்லாதது இரண்டு, கத்தரி தேட வைக்கிறது. மழைக்காலத்தில் ஒன்று உள்ளேயே கட்டி தட்டியிருந்தது. கட்டி தட்டிய பொடியைக் கரைக்க வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். முன்பு சமையல் சோடா சேர்த்த காலத்தில் இது இன்னும் மோசம், நிறமே மாறும். 1984-இலிருந்து சிட்ரேட்டுக்கு மாற்றியதால் எவ்வளவோ பரவாயில்லை.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. சின்னது 200 மில்லிக்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடந்து வருகிறவர்கள் பெரிய பொட்டலத்தை வாங்கி, அரை டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குலுக்கி அப்படியே விழுங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது ஓ.ஆர்.எஸ். இல்லை, உப்புக் கரைசல். பெரியவர்கள் தாங்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு அப்படிக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். இன்னொரு தப்பு, பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு மீதியை மடித்து வைப்பது. நான்கு பொடியும் ஒரே மாதிரி கலந்திருக்கும் என்று நம்ப முடியாது. முதல் கரண்டியில் உப்பு அதிகம் வரலாம், கடைசியில் குளுக்கோஸ். ஜோடி பிரிந்துவிடும். கிழித்தால் முழுசாகக் கொட்ட வேண்டும்.

வீட்டில் லிட்டர் அளவு இல்லை என்றால் கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை அதில் நிரப்பி, பாத்திரத்தில் ஊற்றி, பொட்டலத்தைக் கொட்டிக் கலக்குங்கள். கரைத்த பிறகு சுடவைக்கக் கூடாது. பாலில், சோடாவில், ஜூஸில் கரைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மீதியைக் கீழே கொட்டிவிடுங்கள். இரண்டு வயசுக்குள் ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயசு வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி ஆரம்பிக்கலாம். கைக்குழந்தை வீட்டுக்கு நான் சின்னப் பொட்டலத்தைத்தான் கொடுக்கிறேன். கணக்குப் பார்த்தால் விலை கூடத்தான், தப்பு நடக்க இடம் குறைவு.

கரைத்தே வரும் டப்பா. இரண்டில் ஒன்று சரியான அளவு, லேபிளில் 245 என்று தெளிவாகப் போட்டிருந்தது. பஸ்ஸில் போகும்போது, சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில், இது நல்ல துணை. விலை மட்டும் பொடியைப் போல நாலைந்து மடங்கு. இன்னொன்று நான் முதலில் சொன்ன ரகம். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பானங்களின் பெயரில் முன்னாலோ பின்னாலோ எதை ஒட்டியும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருஷக்கணக்காகத் தனியாக நின்று போராடியதன் பலன் அது. அந்தச் செய்தி படித்த அன்று நான் அழுதேன். ஆனாலும் பெயர் மாறினால் போதாது. அதே ஆரஞ்சுப் படம், அதே டப்பா, மெடிக்கலில் அதே தட்டில் இருந்தால் ஜனங்கள் பழைய நினைப்பில்தான் கேட்பார்கள். பின்பக்கம் திருப்பி 100 மில்லிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றரை கிராமுக்குள் இல்லையென்றால் அது குளிர்பானம்.

நுரைக்கும் மாத்திரை. நான் வாங்கியது விளையாட்டுக்காரர்களுக்கானது. சோடியம் இருந்தது, குளுக்கோஸ் பேருக்குத்தான், இனிப்புக்கு வேறு ஏதோ சேர்த்திருந்தார்கள். வியர்வைக்குச் சரி. வயிற்றுப்போக்குக்கு வேண்டாம்.

இதில்தான் சர்க்கரைக்காரர்கள் கேட்கும் கேள்வி வருகிறது. "சுகர் ஃப்ரீ ஓ.ஆர்.எஸ். இருக்காம்மா?" போன மாசம் ஒரு தாத்தா கேட்டார். செயற்கை இனிப்பு நாக்கை ஏமாற்றும், குடல் செல்லின் வாசலை ஏமாற்றாது. சாவி இல்லாமல் உப்பை மட்டும் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவதில் பயன் இல்லை. பழச்சர்க்கரைக்கும் இதே கதிதான், அதற்கு வாசல் வேறு, அந்த வாசல் சோடியத்தைக் கூட்டிப்போகாது. தாத்தாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன்: 200 மில்லி ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 2.7 கிராம். டீயில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரையை விடக் குறைச்சல். "அம்புட்டுத்தானா?" என்று நிம்மதியாகக் கேட்டார். வயிற்றுப்போக்கு நேரத்தில் அதற்குப் பயந்து உடம்பை வற்றவிடுவதுதான் ஆபத்து.

அவர் சீட்டைப் பார்த்தேன். டபாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை இருந்தது. 2020-இல் அதன் முதல் காப்புரிமை முடிந்த பிறகு விலை இறங்கி, இப்போது எங்கள் ஊரிலேயே தினமும் பத்துப் பேராவது வாங்குகிறார்கள். அந்த மாத்திரை செய்யும் வேலை என்ன தெரியுமா? எஸ்.ஜி.எல்.டி.1-இன் தம்பி ஒருவன் சிறுநீரகத்தில் இருக்கிறான், எஸ்.ஜி.எல்.டி.2. சிறுநீரில் போகவிருக்கும் குளுக்கோசைப் பிடித்து உள்ளே இழுப்பவன். இந்த மாத்திரை அவனை அடைத்துவிடுகிறது, சர்க்கரை சிறுநீரில் போய்விடுகிறது. கூடவே தண்ணீரும் கொஞ்சம் போகும். என் கடையில் ஒரு தட்டில் வாசலைத் திறக்கும் பொட்டலம், எதிர்த் தட்டில் அதே குடும்பத்து வாசலை அடைக்கும் மாத்திரை. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து கடையே வேறு மாதிரித் தெரிகிறது. வாந்தியும் பேதியும் இருக்கும் நாளில் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரை உடனே கேட்க வேண்டும். பெரும்பாலும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். தாத்தாவையும் போன் போட்டுக் கேட்க வைத்துத்தான் அனுப்பினேன்.

இளநீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. குடிக்கலாம், பொட்டாசியம் நிறைய, ஆனால் சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. அதைவிட நம் வீட்டு உப்புப் போட்ட கஞ்சி இந்த வாசலுக்கு நெருங்கிய சொந்தம். அரிசி மாவுச்சத்து குடலில் உடைந்து உடைந்து, செல்லின் சவ்வு ஓரத்தில் கடைசியாகக் குளுக்கோசாகிறது. மொத்தமாக வராமல் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கரைசல் கெட்டிப்படுவதில்லை. குளுக்கோசுக்குப் பதில் அரிசி மாவு போட்ட ஓ.ஆர்.எஸ்.ஸையே காலராவுக்குக் கொடுத்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். வயிறு சரியில்லாத நாளில் எங்கள் அம்மாச்சி வடிகஞ்சியில் உப்புப் போட்டுத் தருவார். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் அது கைகொடுக்கும். அதுவும் இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலந்ததும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

பொருள்மீது வரும் குறை என்று பார்த்தால், என்னிடம் வருவது ஒன்றேதான்: "குடுத்தும் நிக்க மாட்டேங்குதுக்கா." நிறுத்துவது இதன் வேலை இல்லை. வெளியே போவதை ஈடுகட்டுவதுதான் வேலை. மலத்தை எண்ணாதீர்கள், மூத்திரத்தை எண்ணுங்கள் என்று நான் சொல்வேன். பிள்ளை வழக்கம்போல ஒன்றுக்குப் போகிறது, கண்ணில் நீர் வருகிறது, விளையாடுகிறது என்றால் பொட்டலம் வேலை செய்கிறது. குடல் செல்கள் நாலைந்து நாளில் பழையன உதிர்ந்து புதியன வந்துவிடும். அதுவரை தண்ணீர் வற்றாமல் காப்பாற்றினால் போதும். கூடவே ஜிங்க் என்ற துத்தநாகச் சத்து மருந்து, ஆறு மாசத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 14 நாள். இரண்டாம் நாளே நின்றுவிட்டது என்று பாட்டிலை மூடி வைத்துவிடுகிறார்கள். முழுசாகக் கொடுங்கள்.

இந்தப் பொட்டலத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. கண் குழிவிழுந்து பிள்ளை துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்கே போகவில்லையென்றால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், எது கொடுத்தாலும் வெளியே வந்துவிட்டால், கடைக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிக அபூர்வமாக, அந்த எஸ்.ஜி.எல்.டி.1 வாசலே பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்த சில நாட்களிலேயே, தாய்ப்பாலுக்கே கடுமையாகப் போகும். அவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் மோசமாகும். அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

மதிப்பெண் கேட்டால், பொடிக்கு 5-க்கு 5. பொட்டலத்தின் அச்சுக்கு 2. சரியான அளவுள்ள டப்பாவுக்கு 4, விலைக்காக ஒன்று குறைத்தேன். நான் இப்போது ஒவ்வொரு பெரிய பொட்டலத்தின் மேலும் மார்க்கரால் "1 லிட்டர் பாட்டில், முழுசும்" என்று தமிழில் எழுதித்தான் தட்டில் வைக்கிறேன். 200 பொட்டலம் எழுத ஒரு மத்தியானம் ஆகிறது.

இன்னொன்று. இதே பொடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும், ஜிங்க் மாத்திரையோடு சேர்த்து. ஊரில் வரும் செவிலியரிடம் கேட்டாலும் கொடுப்பார். அங்கே போய் இரண்டு வாங்கி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் கடை திறந்திருக்காது.